கலிகிராஃபி பாடத்துக்கு ஒரு மாணவர் கிராஃபிட்டி எழுதிக் கொடுத்தால்

நான் சிவப்பு மையில் எழுதிய ஒரு வரி இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது: 'இது கலிகிராஃபி இல்லை. திரும்பச் செய்.'

ஒன்பதாம் வகுப்பு. பிடித்த சொல் ஒன்றைக் கலிகிராஃபியில், அதாவது அழகெழுத்தில், எழுதி வரச் சொல்லியிருந்தேன். முப்பத்தொரு தாள்கள் வந்தன. முப்பதில் கொடி, இலை, சுருள், தங்க நிற ஜெல் பேனா. ஒன்றில் மட்டும் பட்டை மார்க்கரால், சாய்வாக, ஒரே மூச்சில் 'மழை' என்று இருந்தது. ழகரத்தின் வால் முழுச்சொல்லுக்கும் அடியில் ஓடி, முனையில் வெடுக்கென்று வெட்டி நின்றது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, தெருச்சுவர்களில் எழுதுகிற கிராஃபிட்டி. யோசிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பையன் சண்டை போடவில்லை. ரஃப் நோட்டைத் திறந்து காட்டினான். ஆறு பக்கம் முழுக்க அதே சொல். முதல் பக்கத்தில் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன; நாலாம் பக்கம் வரும்போது வால் நேராகியிருந்தது; ஆறாம் பக்கத்தில் எல்லாமே ஒரே சாயலில் இருந்தன. "இத்தனை தடவை எழுதினப்புறம்தான் வந்துச்சு மிஸ்" என்றான்.

அன்று மாலை மற்ற முப்பது தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பென்சில் கோடு, ரப்பர் தடம். எழுத்தின் ஓரத்தை வரைந்து, உள்ளே நிறம் நிரப்பியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தன. ஆனால் வந்த முப்பத்தொரு தாள்களில் கண்டிப்பாகக் கலிகிராஃபி என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன். ஓவிய வகுப்பு எடுக்கிறவர்களுக்கு உதவலாம்.

எழுதியதா, வரைந்ததா

முதலில் உங்கள் மனத்தில் மூன்று வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கருவியின் இழுப்பிலேயே எழுத்து பிறந்தால் அது கலிகிராஃபி. எழுத்தின் உருவத்தை ஓரம் கட்டி, திருத்தி, நிரப்பி உருவாக்கினால் அது லெட்டரிங். ஏற்கெனவே தயாராக உள்ள எழுத்துகளை எடுத்து அடுக்கினால் டைப்போகிராஃபி. இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. லெட்டரிங் கஷ்டமான கலை. ஆனால் 'எழுது' என்று கேட்டுவிட்டு வரைந்ததற்கு மதிப்பெண் போட்டால், அடுத்து எதைத் திருத்துவது என்று நமக்கே தெரியாமல் போகும்.

கலிகிராஃபி என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். அழகு, எழுத்து என்ற இரண்டும் சேர்ந்தது. கிராஃபிட்டி இத்தாலியச் சொல். கீறுவது என்ற பொருளில் வந்தது. 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தின் சுவர்களில், யாரெல்லாமோ கீறி வைத்த பெயர்களும் வசவுகளும் காதல் வரிகளும் இன்றும் இருக்கின்றன. ஆக, ஒரு சொல் எழுத்து எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. மற்றது, அது எங்கே எப்படி ஏறியது என்பதைச் சொல்கிறது. 'இது கிராஃபிட்டியா, கலிகிராஃபியா' என்று கேட்பது, 'இந்தத் துணி ஈரமா, சிவப்பா' என்று கேட்பது மாதிரி. இரண்டுமாகவும் இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம், கிராஃபிட்டி என்பது ஒரே பொருள் இல்லை. 1960களின் பிற்பகுதியில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் இளைஞர்கள் சுவரில் தங்கள் புனைபெயரை எழுதத் தொடங்கினார்கள். 'டாக்கி 183' என்ற பெயர் நியூயார்க் முழுக்கப் பரவி, 1971இல் அந்நகரின் பெரிய நாளிதழிலேயே செய்தியானது. அந்தப் பெயரெழுத்துக்கு 'டேக்' என்று பெயர். ஒரு கை, ஒரு மூச்சு, சில நொடி. உப்பிய எழுத்துக்கு ஓரம் கட்டி அவசரமாக நிறம் அடித்தால் 'த்ரோ-அப்'. மணிக்கணக்கில், பல நிறத்தில், நிழலும் பின்னணியும் வைத்துத் தீட்டினால் 'பீஸ்'. மாஸ்டர்பீஸ் என்பதன் சுருக்கம். எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி, அம்புக்குறி முளைக்க விட்டால் 'வைல்ட்ஸ்டைல்'.

என் கணக்கில் டேக் கலிகிராஃபி. பீஸும் வைல்ட்ஸ்டைலும் லெட்டரிங். த்ரோ-அப்பில்தான் எனக்கு இன்னும் இழுபறி. அது ஓரம் கட்டியதுதான், ஆனால் அந்த ஓரத்தையே ஒரே ஓட்டத்தில் போடுகிற கைகளைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் இதை மாணவர்களின் வாதத்துக்கே விட்டுவிடுகிறேன்.

தாளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

தாளை மேசையில் தட்டையாக வைத்துப் பார்க்காதீர்கள். சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இழுப்பில் பிறந்த எழுத்தில் மை ஒரே மாதிரி இருக்காது. தொடங்கும் இடத்தில் கொஞ்சம் தேங்கும், வேகம் எடுக்கும் இடத்தில் வெளுக்கும், இரண்டு இழுப்பு மேலே மேலே விழுந்த இடத்தில் கருக்கும். வரைந்து நிரப்பியதில் ஓரம் கருத்தும் உள்ளே திட்டுத் திட்டாகவும் இருக்கும்.

அடுத்து, தடிப்பும் மெலிவும் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பட்டை முனையை 30 பாகைச் சாய்வில் மாற்றாமல் பிடித்தால் குத்துக்கோடு தடிக்கும். படுக்கைக்கோடு அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வலப்பக்கம் மேலே ஏறும் சாய்கோடு முடி மாதிரி மெலியும். இதை யாரும் திட்டமிட வேண்டியதில்லை, முனையே செய்துவிடும். 'மழை' தாளில் எல்லாத் தடிப்பும் ஒரே சாய்வுக்குக் கட்டுப்பட்டிருந்தன. பென்சிலில் வரைந்த தாள்களிலோ, ஒரே சொல்லில் ஓர் எழுத்து இடப்பக்கம் தடித்தது, அடுத்தது வலப்பக்கம் தடித்தது. அச்சில் பார்த்ததை நினைவிலிருந்து வரைந்தால் அப்படித்தான் ஆகும்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரே வழி: உங்கள் முன்னால் எழுதச் சொல்வது. இரண்டு நிமிடம், அதே சொல், பத்து முறை. பத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி சாயல் இருக்க வேண்டும். வரைகிற கைக்கு இரண்டு நிமிடத்தில் ஒரு சொல் கூட முடியாது. கணினியில் 'கிராஃபிட்டி' எழுத்துரு இறக்கி, மேலே தாளை வைத்து நகல் எடுத்தவர்களும் இங்கேதான் மாட்டுவார்கள். அது எழுதியதும் இல்லை, வரைந்ததும் இல்லை. ஆனால் எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க எழுதச் சொல்லாதீர்கள். கை நடுங்கும். நடுங்கிய கோட்டைப் பார்த்து 'உனக்கு வரவில்லை' என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

நான் செய்த இன்னொரு வேலை அந்த 'மழை'யை நானே எழுதிப் பார்த்தது. அவன் பிறகு மறுபடி எழுதித் தந்த தாளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி, அதே மார்க்கரை வாங்கி, மாணவர்கள் முன்னால் எழுதினேன். இத்தனை வருடம் நிப்பு பிடித்த கை. மகரம் ஒழுங்காக வந்தது. வாலில் பாதி வழியில் தயங்கினேன், அங்கே மை ஒரு குண்டுமணி அளவுக்கு ஊறிவிட்டது. வகுப்பு சிரித்தது. தயங்கினால் தாள் காட்டிக் கொடுத்துவிடும் என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சக ஆசிரியர்கள் கேட்பார்கள்

'அதில் விதியே இல்லையே' என்பார்கள். இருக்கிறது. ஒவ்வொரு ஊரின் டேக் கைக்கும் ஒரு சாயல் உண்டு; அதற்கு 'ஹேண்ட்ஸ்டைல்' என்று பெயரும் உண்டு. 'பிளாக்புக்' என்று ஒரு நோட்டு வைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துப் பழகுவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களின் சுவரெழுத்து, ஐரோப்பாவின் பழைய 'கறுப்பெழுத்து' (பிளாக்லெட்டர்) என்ற தடித்த, கோணலான எழுத்து வகையின் சாயலில் வளர்ந்தது. சாஸ் போஹோர்கெஸ் என்ற கலைஞர் அந்த மரபிலிருந்து வந்தவர், ஆசியக் கலிகிராஃபியையும் முறையாகக் கற்றவர். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரச் சுவர்களில் உள்ள 'பிஷாசாவ்' எழுத்துகள் ஒடுக்கமாக, கூராக, ஆளுயரம் நிற்கும். ஹெவி மெட்டல் இசைத்தட்டு உறைகளின் எழுத்துகள் அதற்கு ஒரு தூண்டுதல். ஊரை மாற்றி எழுதினால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விதி இல்லாத இடத்தில் பிழையைக் கண்டுபிடிக்க முடியாதே.

'வாசிக்கவே முடியவில்லையே' என்பது அடுத்தது. சீனாவில் தாங் வம்சக் காலத்து ஜாங் ஷூ, ஹுவாய் ஸூ இருவரும் எழுதிய கட்டற்ற கூட்டெழுத்தைச் சீன மொழி தெரிந்தவர்களே தடுமாறித்தான் வாசிக்கிறார்கள். அவற்றைக் கலிகிராஃபி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. வாசிக்க முடிவது நல்ல குணம்தான். ஆனால் அது வேறு கேள்வி.

'சுவரில் எழுதுவதெல்லாம் கலையா' என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஸூ ஷி என்ற சீனக் கவிஞர் 1084இல் லூ மலையில் உள்ள ஷிலின் கோயிலின் சுவரில் எழுதிய நாலு வரிக் கவிதையை இன்றும் படிக்கிறார்கள். தலைப்பே 'ஷிலின் சுவரில் எழுதியது'தான். கலிகிராஃபி வகுப்புகள் முன்மாதிரியாக வைக்கும் ரோமன் பெரிய எழுத்துகளும், ரோமில் 113ஆம் ஆண்டில் எழுப்பிய டிரேஜன் தூணின் அடியில் கல்லில் இருப்பவை. உளி தொடுவதற்கு முன் அவற்றைப் பட்டைத் தூரிகையால் எழுதியிருக்கிறார்கள் என்று 1968இல் எட்வர்ட் காடிச் எழுதினார். அவர் பாதிரியார், அதற்கு முன் விளம்பரப் பலகை எழுதிய கை. அதனால்தான் அது அவர் கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றும்.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் சுவரில் எழுதுவது தவறு. அதை வகுப்பில் நேராகவே சொல்லிவிடுங்கள், ஒரு முறை போதும். ஆனால் அது இடத்தைப் பற்றிய தீர்ப்பு. அதை எழுத்தின் மதிப்பெண்ணில் கழிக்காதீர்கள்.

நான்கு வகுப்புகள்

முதல் வகுப்பில் மார்க்கர் வேண்டாம், நிப்பும் வேண்டாம். இரண்டு பென்சிலைச் சேர்த்து, முனைகள் சமமாக இருக்கும்படி, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போடுங்கள். எழுதினால் இணையாக இரண்டு கோடு விழும். அவற்றின் இடைவெளிதான் நிப்பின் தடிப்பு. இருபதாம் நூற்றாண்டில் கலிகிராஃபிக்கு உயிர் கொடுத்த எட்வர்ட் ஜான்ஸ்டன் காலத்திலிருந்தே ஆசிரியர்கள் கையாளும் பழைய உத்தி இது, இன்னும் இதற்கு மிஞ்சியது இல்லை.

இதில் பகரத்தை எழுதச் சொல்லுங்கள். சாதாரணப் பேனாவில் அது ஒரே இழுப்பு: இடப்பக்கம் இறங்கி, அடியில் வலப்பக்கம் போய், மேலே ஏறிவிடும். அடுத்து ஒரு பட்டை நிப்பைக் கொடுத்து அதையே எழுதச் சொல்லுங்கள். மேலே ஏறும்போது நிப்பு தாளைக் குத்தும், சில சமயம் மையைத் தெறிக்கும். இதற்குத்தான் எழுதுகிறவர்கள் கையை எடுப்பார்கள்: இறங்கி வலப்பக்கம் போவது ஓர் இழுப்பு, வலக் குத்துக்கோட்டை மேலிருந்து கீழே கொண்டுவருவது இரண்டாவது. இரண்டும் சந்திக்கும் வலக்கீழ் மூலையைப் பாருங்கள். சாய்வு மாறியிருந்தால் அங்கே பல் மாதிரி ஒரு துருத்தல் இருக்கும். அரை மணி நேரம் அந்த மூலையை மட்டும் பழக விட்டாலும் வீண் இல்லை.

உயரத்தையும் அன்றே சொல்லிவிடுங்கள். ஜான்ஸ்டனின் அடிப்படை ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கு உயரம் நிப்பின் அகலத்தைப்போல் 4 மடங்கு, இட்டாலிக்குக்கு 5. தமிழுக்கு 4 வைத்தால் மூன்று சுழி ணகரத்தில் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். நான் 6 வைக்கிறேன். உங்கள் நிப்பையும் தாளையும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்பில் பட்டை முனை மார்க்கர். தண்ணீர் மை உள்ளதாக எடுங்கள். மூடிய அறையில் ஸ்பிரிட் மையின் வாடை தலையைச் சுற்றவைக்கும். தாளுக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரிப்பது கட்டாயம்; காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மறுபடி அதே பகரம். இப்போது மேலே ஏறினாலும் முனை குத்தாது. மார்க்கரின் ஃபெல்ட் முனை எந்தத் திசையிலும் வழுக்கிப் போகும். டேக் எழுதுகிறவர்கள் கையை எடுக்காமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். திமிர் என்று நாம் நினைக்கிறோம், பாதி கருவியின் குணம். ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் ஓலை கிழியுமே என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள் அல்லவா, அதே கதைதான்.

மாணவர் ஒரு சொல்லைத் தேர்ந்து, அதன் எந்த உறுப்பு நீளலாம் என்று தேட வேண்டும். தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை: ழகரத்தின் வால், ரகரத்தின் கால், கொம்பின் வளைவு, இகர விலங்கு. ஒன்றை மட்டும் நீட்டு, மற்றதை அடக்கு என்பதுதான் நான் தரும் ஒரே கட்டளை. எல்லாம் நீண்டால் அது கொடிப் பந்தல். ஒரு பக்கத்துக்கு இருபது முறை, குறைந்தது மூன்று பக்கம். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது.

மூன்றாம் வகுப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தாள்களைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு, அகலத் தூரிகையால் அதே சொல்லை ஒரு முழ உயரத்துக்கு எழுதச் சொல்லுங்கள். உட்கார்ந்து எழுதும்போது விரலும் மணிக்கட்டும் வேலை செய்யும். இங்கே தோள் வேலை செய்ய வேண்டும். நோட்டில் அழகாக வந்த எழுத்து சுவரில் நொண்டும். நோட்டில் சுமாராக எழுதியவர் இங்கே அசத்திவிடுவார். ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஒருவர் வருகிறார்.

ஸ்ப்ரே கேனை வகுப்பறைக்குள் கொண்டுவராதீர்கள், ஜன்னல் திறந்திருந்தாலும் சரி. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள், கேட்கவே சுவையாக இருக்கும். கேன் சுவரைத் தொடுவதே இல்லை. சுவருக்கு அருகில் வேகமாகப் போனால் கோடு மெலிந்து கூராக விழும், தள்ளிப் பிடித்தால் அகன்று ஓரம் பஞ்சாகும், நின்றால் வழியும். இழுப்பின் முடிவில் கேனை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தால் கோடு விரிந்து மங்கும். தூரிகையில் அழுத்தம் செய்வதை இங்கே தூரமும் வேகமும் செய்கின்றன. செய்து பார்க்க ஆசைப்பட்டால், அறையை இருட்டாக்கி, கைபேசியில் நீண்ட எக்ஸ்போஷர் வைத்து, டார்ச்சால் காற்றில் எழுதச் சொல்லுங்கள். கையின் ஓட்டம் மட்டும் படத்தில் தங்கும். சுத்தம் செய்யவும் எதுவும் இருக்காது.

நான்காவது வகுப்பு பேச்சு. ஆம்ஸ்டர்டாம் கலைஞர் நீல்ஸ் ஷூ மியூல்மன் 2007இல் இந்த இரண்டையும் சேர்த்துக் 'கலிகிராஃபிட்டி' என்றே பெயர் வைத்தார். அவர் படங்களைக் காட்டுங்கள், இழுப்புகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு, அரபு எழுத்தைச் சுவர்களில் தீட்டும் கலைஞர் எல் சீட். கெய்ரோவில் 2016இல் ஏறத்தாழ 50 கட்டடங்களின் மேல் ஒரே அரபு வாசகத்தைப் பரப்பினார். எதிரே உள்ள மலையிலிருந்து பார்த்தால்தான் முழுதாகச் சேரும். சுழலும் கோடுகள் எல்லாம் கலிகிராஃபிதான். ஆனால் அவ்வளவு பெரிய எழுத்தை யாரும் ஒரே இழுப்பில் எழுத முடியாது. அப்படியானால் இது எழுதியதா, வரைந்ததா? நான் பதில் சொல்வதில்லை. ஒருமுறை மணி அடித்த பிறகும் இரண்டு பேர் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பெண்

20க்குப் போடுகிறேன். கருவியின் சாய்வு மாறாமல் இருக்கிறதா, எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெள்ளை சமமாகத் தெரிகிறதா, கை தயங்காமல் ஓடியிருக்கிறதா, எதை நீட்டுவது என்ற தேர்வில் யோசனை இருக்கிறதா: ஒவ்வொன்றுக்கும் 4. மீதி 4 பயிற்சிப் பக்கங்களுக்கு. முடித்த தாளோடு ரஃப் பக்கங்களையும் வாங்காமல் இருந்துவிடாதீர்கள், நான் ஏமாந்தது அங்கேதான். பீஸ் வரைந்து வந்தவருக்குப் பூஜ்யம் போடுவதில்லை. அதை லெட்டரிங் பாடத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கலிகிராஃபிக்கு வேறொன்று எழுதி வாங்குகிறேன்.

அந்தச் சிவப்பு வரிக்காக மறுநாளே பையனிடம் தாளைத் திருப்பிக் கேட்டேன். கசக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னான். சரி, இப்போதே எழுது என்று என் மேசையிலேயே ஒரு தாளை வைத்தேன். அவனுடைய மார்க்கர், அழியாத மை. மகரம், கொம்பு, ழகரம்; வால் தாளின் ஓரம் வரை வந்து நிற்கும் என்று பார்த்தால், நிற்காமல் மேசை மேல் ஒரு சாண் ஓடி அங்கே வெட்டி நின்றது. "ஸாரி மிஸ்" என்றான். அடியில் செய்தித்தாள் விரித்திருக்கவில்லை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. 20க்கு 18 போட்டேன்.